கொல்லம் – ஆலப்புழை – கொச்சி: நாலு சைக்கிள், கைகொள்ளாத மூட்டை, படகில் ஏற்றுவது எப்படி?

மேல்புறம் மிதிவண்டி – கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் கழிந்து ஜனவரி கடைசியில் நாலு பேர் மார்த்தாண்டத்திலிருந்து கிளம்புகிறோம். கொல்லம் வரை மிதி, 100 கி.மீ.க்குச் சற்று மேல். அங்கிருந்து ஆலப்புழைக்குப் படகு. ஆலப்புழையிலிருந்து முகம்மா வரை மிதித்து, குமரகத்துக்கு மறுபடி படகு. கோட்டயத்தில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள். பிறகு வைக்கம் – தவணக்கடவு படகு, கடைசியில் கொச்சிக் கோட்டை – வைப்பின் ஜங்கார் (வாகனம் ஏற்றும் படகு). எர்ணாகுளத்திலிருந்து ரயிலில் ஊருக்கு.

வண்டிகள்: இரண்டு ஹைப்ரிட் (தலா 14 கிலோ), ஒரு எம்.டி.பி. (மலைப்பாதை வண்டி, ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 15 கிலோ), கூட்டுக்காரனுடைய பழைய 22 இஞ்ச் கம்பி பிரேக் வண்டி (20 கிலோ இருக்கும்). லக்கேஜ்: கேரியரில் மாட்டும் பக்கப்பை 8, டென்ட் 2, சமையல் சாக்கு 1, சொந்தக்காரருக்குக் கொண்டுபோகும் மார்த்தாண்டம் தேன் 12 கிலோ ஒரு அட்டைப்பெட்டியில்.

கேட்க வேண்டியவை:

சர்வீஸ் படகில் சைக்கிள் ஏற்றுவார்களா? கழற்றித்தான் கொண்டுபோக வேண்டுமா? எங்கே, எதைக் கொண்டு கட்டுவது? உப்புத்தண்ணீர் வண்டியைக் கெடுக்குமா? இன்னொன்று, கூட்டுக்காரன் ஒருவன் குளச்சலிலிருந்து விழிஞ்ஞம் வரை ஃபைபர் வள்ளத்திலேயே போய்விடலாம், அவனுக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்கிறான். சரிவருமா?

---

ஆலப்புழைவாசி (ஊர் கருங்கல்)

நீங்கள் சொன்ன நாலு படகும் நாலு விதம். ஒன்றுக்கு ஒத்துவருவது மற்றதுக்கு ஒத்துவராது.

கொல்லம் – ஆலப்புழை கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையின் சுற்றுலா சர்வீஸ். காலை பத்தரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறரை வாக்கில்தான் சேரும், கிட்டத்தட்ட 8 மணி நேரம். எல்லா மாதமும் ஓடாது, சீசனிலும் ரிப்பேர் என்று நிற்பது உண்டு. ஆகவே கொல்லம் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே ஜெட்டிக்குப் போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசிவிடுங்கள். ஜெட்டி கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டை ஒட்டியே இருக்கிறது. ‘நாலு சைக்கிளோடு மொத்தம் இத்தனை உருப்படி’ என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். ‘கொஞ்சம் லக்கேஜ் இருக்கு’ என்று சொல்லிவிட்டு மறுநாள் மலைபோல் கொண்டு நிறுத்தினால் யாருக்கும் கோபம் வரும். அவர் ஒத்துக்கொண்டாலும் ஏற்றுவதில் கடைசி வார்த்தை படகில் இருக்கும் போட் மாஸ்டருடையது. மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், ஆட்கள் ஏறும் முன்னே சைக்கிளை உள்ளே வைத்துவிட வேண்டும்.

கூரையில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அந்தப் பாதையில் தாழ்ந்த பாலங்கள் உண்டு, நிமிர்ந்து நிற்கும் ஹேண்டில் தட்டும். மேலே பாரம் ஏறினால் படகு ஆடும் ஆட்டமும் அதிகம். இந்தப் பாதை போகும் பல்லனையில்தான் 1924 ஜனவரியில் கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்கு வந்த ரிடீமர் படகு கவிழ்ந்து மகாகவி குமாரன் ஆசான் இறந்தது. ஆள் மிதமிஞ்சி ஏறியிருந்த படகு அது.

முகம்மா – குமரகம் ஊர்க்காரர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் சாதாரண சர்வீஸ். டிக்கெட் சில்லறைக் காசுதான், சைக்கிளுக்குத் தனியாக வாங்குவார்கள். காலை 8 முதல் 10, மாலை 4 முதல் 6 தவிர்த்துவிடுங்கள். பகல் 11 மணிக்கு மேல் போனால் இடம் தாராளம். நாலு வண்டியும் ஒரே படகில்தான் என்று பிடிவாதம் வேண்டாம். இரண்டு வண்டி என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள், நாலு என்றதும் தயங்குவார்கள். இரண்டு இரண்டாகப் பிரிந்து அடுத்தடுத்த படகில் போய்விடுங்கள். 2002 ஜூலை 27 அன்று இதே கடவில் முகம்மாவிலிருந்து கிளம்பிய படகு குமரகம் பக்கம் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு லக்கேஜை எண்ணிப் பார்த்து மறுக்கும் ஊழியரோடு வாக்குவாதம் செய்வதில் எந்த நியாயமும் இல்லை.

வைக்கம் – தவணக்கடவு இவற்றில் சுலபமானது. அங்கே ஓடும் ஆதித்யா 2017-இல் வந்த சூரிய மின்படகு. இரட்டை அடிப்பாகம், 20 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 75 பேர். ஒரு பக்கம் பாரம் கூடினாலும் ஒற்றை அடிப் படகு அளவுக்குச் சரியாது. ஆனால் எப்போதும் அதே படகுதான் வரும் என்று நினைக்காதீர்கள், பழைய படகும் அதே கடவில் ஓடும்.

கொச்சியில் ஜங்காருக்குக் கழற்றவே வேண்டாம். கார், லாரி ஏறி முடித்த பிறகு நடுவில் கிடைக்கும் சந்தில் உருட்டிக்கொண்டு போகலாம். சாய்தளம் இரும்புத் தகடு, எப்போதும் ஈரம், டீசல் பிசுக்கும் இருக்கும். ஏறி ஓட்டாமல் இறங்கித் தள்ளுங்கள். தகட்டுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நேர்குத்தாகத் தாண்டுங்கள். சாய்வாகப் போனால் மெல்லிய டயர் அதில் இறங்கி ரிம் கோணிவிடும்.

சாதாரண சர்வீஸ் படகில் கவனிக்க இரண்டு சங்கதி. முன்னால் ஸ்ராங்க் சுக்கான் பிடிப்பார், எஞ்சினில் டிரைவர் உட்கார்ந்திருப்பார். இவர்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு என்பது ஒரு மணியும் அதன் கயிறும்தான். அந்தக் கயிறு போகும் வழியில் ஹேண்டிலோ ஹெல்மெட்டோ உரசினால் தப்பான மணி அடித்து, கரையை அணையும் நேரத்தில் குழப்பம் வரும். அடுத்தது, எஞ்சின் மூடியை ஒட்டி டயரையும் பையையும் சாய்க்காதீர்கள். சூடு, எண்ணெய் இரண்டும் உண்டு. லைஃப் ஜாக்கெட் வைத்திருக்கும் தட்டையும் மறைக்கக் கூடாது.

---

தக்கலை சைக்கிள் ஒர்க்‌ஷாப்

முழுசா கழற்றாதீங்க. சக்கரத்தைக் கழற்றினால் ஒரு வண்டி மூணு உருப்படி ஆகும், ஜெட்டியில் அதுதான் வினை. வண்டி ஒடுங்கினால் போதும். ஒரு வண்டிக்கு 10 நிமிஷ வேலை.

முதலில் பெடல். வண்டியை அகலமாக்குவதும், பக்கத்து வண்டியின் ஸ்போக்கில் போய்க் குத்துவதும் அதுதான். 15 மி.மீ. ஸ்பேனர், சில பெடலுக்கு உள்பக்கமிருந்து 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீ. இடது பெடலின் மரை தலைகீழ். குழம்பாமல் இருக்க ஒரு வழி: ஸ்பேனரை மேல் நோக்கி நிற்கும்படி மாட்டி, எந்தப் பக்கமானாலும் பின் சக்கரத்தைப் பார்த்துத் தள்ளினால் கழறும். மாட்டும்போது முதல் மூணு சுற்று கையால்தான். கிராங்க் அலுமினியம், மரை ஒருமுறை போனால் கிராங்கையே மாத்தணும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்க. பழைய வண்டியின் பெடல் இறுகிக் கிடக்கும், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னமே எண்ணெய் விட்டு ஒருதடவை கழற்றிப் பாருங்க. ஜெட்டியில் வைத்து அதோடு மல்லுக்கு நிற்க நேரம் கிடையாது.

அடுத்து ஹேண்டில். ஹைப்ரிடிலும் எம்.டி.பி.யிலும் ஸ்டெம்மின் (ஹேண்டிலைப் பிடிக்கும் துண்டு) பக்கவாட்டு போல்ட் இரண்டை மட்டும் தளர்த்தி (4 அல்லது 5 மி.மீ. ஆலன் கீ) ஹேண்டிலைச் சக்கரத்துக்கு இணையாகத் திருப்புங்க. 60, 65 செ.மீ. அகலம் பாதிக்கும் கீழே வந்துவிடும். உச்சியில் இருக்கும் மூடி போல்ட்டைத் தொடக் கூடாது, தொட்டால் ஹெட் பேரிங் ஆட்டம் கண்டுவிடும். கம்பி பிரேக் வண்டியில் இந்த வேலையே வேண்டாம். ஹேண்டிலைத் திருப்பணும்னா பிரேக் கம்பியைக் கழற்றணும், பிறகு அதைச் சரிப்படுத்த அரை நாள் போகும். அந்த வண்டியை அப்படியே, கம்பித் தடுப்பை ஒட்டி முதல் ஆளாக நிறுத்துங்க.

கடைசியாக மிதிக்கும்போதே கியரை முன்னால் பெரிய பல்லுக்கும், பின்னால் பெரிய பல்லுக்கும் மாத்தி நிறுத்துங்க. பின்னால் பெரிய பல்லில் இருந்தால் டீரெய்லர் (செயினைக் கியர் மாத்தும் கை) உள்ளே ஒடுங்கும். முன்னால் பெரிய பல்லைச் செயின் மூடிவிடும், காலைக் கிழிக்காது. முன் பிரேக் லீவரை ஒரு ரப்பர் துண்டால் இறுக்கிக் கட்டினால் வண்டி உருளாது. எம்.டி.பி.யில் ஏதாவது காரணத்துக்குச் சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பேட் இரண்டுக்கும் நடுவில் மடித்த அட்டை ஒன்றைச் செருகாமல் லீவரைத் தொடாதீங்க. பிஸ்டன் வெளியே வந்துவிட்டால் சக்கரம் உள்ளே போகாது. டிஸ்க் தகட்டைப் பழைய துணியால் மூடணும். படகுத் தரையில் எண்ணெய் இல்லாத இடம் கிடையாது. பேடில் எண்ணெய் பட்டால் பிரேக் கத்தும், பிடிக்காது, பேடை மாத்தத்தான் வேணும்.

நிறுத்தும் முறை. இரண்டு வண்டி ஒரு ஜோடி, தலை ஒன்று முன்னால், ஒன்று பின்னால். முதல் வண்டியின் இடது பக்கம் படகின் தடுப்பில் சாயணும், இரண்டாவதை எதிர்த்திசையில் வைத்தால் செயின் பக்கம் செயின் பக்கத்தைப் பார்க்கும். ‘உரசாதா?’ என்றால், டீரெய்லர் இரண்டும் எதிரெதிர் முனைக்குப் போய்விடும், முட்டுவது நடுவில் இருக்கும் பல் சக்கரம் மட்டும். அங்கே ஒரு மடிப்பு அட்டை போதும். லாபம் என்னவென்றால் வெளியே தெரிவது செயின் இல்லாத பக்கம். பக்கத்தில் உரசிப் போகிறவர்களுடைய வேட்டியிலும் சேலையிலும் கிரீஸ் படாது. ஏற்ற மாட்டேன் என்று சொல்லுவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கிரீஸ்தான்.

கட்டுவதற்குப் பழைய லாரி டியூப். நீளவாக்கில் 3 செ.மீ. அகலம், ஒன்றரை மீட்டர் நீளத்தில் துண்டு போட்டு வாங்குங்க. வண்டிக்கு நாலு, உபரி நாலு, மொத்தம் 20. சட்டத்தில் சீட் குழாயோடு தடுப்புக் கம்பியைச் சேர்த்து ஒரு கட்டு, முன் குழாயில் ஒரு கட்டு, முன்சக்கரத்தைச் சட்டத்தோடு சேர்த்து ஒன்று, ஜோடியை ஒன்றோடொன்று சேர்த்து ஒன்று. பிரேக் கேபிள், ஸ்போக், கேரியர் இவற்றில் கட்டாதீங்க. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம், தெறித்தால் கண் போகும்.

இனி உருப்படி எண்ணிக்கை. இப்போ உங்களிடம் சைக்கிள் போக 12 உருப்படி. நாலு சைக்கிளோடு 16. இடை ஜெட்டிகளில் படகு ஒரு நிமிஷம் நின்றால் பெரிய காரியம். பக்கப்பை இரண்டை மேல்பட்டையில் சேர்த்துக் கட்டினால் ஒரு ஆளுக்கு ஒரு ஜோடி, 8 பை 4 ஆகும். டென்ட் இரண்டும் ஒரு சாக்கு. சமையல் சாமானும் தேனும் இன்னொன்று. ஆக 6, சைக்கிளோடு 10. பம்பு, தண்ணி பாட்டில், மணி, விளக்கு, ஹெல்மெட் இதெல்லாம் வண்டியில் தொங்கக் கூடாது, பைக்குள்ளே போகணும். படகில் தொலைவது பெரிய சாமான் இல்லை, இதுமாதிரிப் பொடிதான்.

ஏற்றும்போது இரண்டு பேர் படகில், இரண்டு பேர் கரையில். சாமானோடு யாரும் தாண்டக் கூடாது, கைமாற்றிக் கொடுக்கணும். வண்டியை மேல் குழாயிலும் முன் ஃபோர்க்கிலும் பிடித்துக் கொடுங்க. சீட்டைப் பிடித்துத் தூக்கினால் திரும்பிப்போய் முகத்தில் இடிக்கும். வண்டி முதலில், பை பிறகு. இறங்கும்போது நேர் மாறு. படகால் வண்டி கெட்டது என்று கடைக்கு வருவதில் முக்கால்வாசி தண்ணீரில் நடந்தது இல்லை, ஜெட்டிப் படியில் போட்டு இழுத்தது.

---

கடியபட்டணம் அமரம்

குளச்சல் – விழிஞ்ஞம் காரியத்தை முதல்ல தீர்த்துடுவோம். வேண்டாம் மக்களே.

ஃபைபர் வள்ளத்துக்குப் பதிவு மீன்பிடிக்கத்தான். அதில் பயணி ஏத்த முடியாது. ஒண்ணு ஆயிப்போச்சுன்னா உங்களுக்கும் இன்சூரன்ஸ் இல்ல, வள்ளக்காரனுக்கும் பதிவு போகும். ஜனவரியில் மேற்குக் கடல் அடங்கித்தான் கிடக்கும், சரி. ஆனா ஆபத்து நடுக்கடலில் இல்ல, கரையிலும் பொழிமுகத்திலும் (ஆறு கடலில் சேருற வாய்) கிடக்கு. தேங்காப்பட்டணம் துறைமுக வாயில் மணல் அடைஞ்சு திட்டு போட்டு, அதில் அலை உடைஞ்சு வள்ளம் கவிழ்ந்து எத்தனை பேரு போயாச்சு. கடல் அறிஞ்சவனுக்கே அந்தக் கதி. சைக்கிள் கெட்டின வள்ளத்தை அலைக்கு எதிரா அணியம் (முன்பக்கம்) திருப்ப முடியாது. விழிஞ்ஞம் இப்போ பெரிய கப்பல் வரும் துறைமுகம், நினைச்ச இடத்தில் கரை புடிக்க விடமாட்டாவ. ஆனி ஆடியில் யாராவது கேட்டா பேச்சே இல்ல: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம்ம மேற்குப் பக்கம் விசைப்படகுக்குத் தடைக்காலம், கச்சான் காத்தும் அப்பத்தான்.

ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய் மட்டும் உருப்படியா கிடந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் சேர்க்கணும்னு 1860-இல் தோண்டத் தொடங்கினது. இப்போ பாதி பாசி, பாதி வீடு.

நீங்க போற பெரிய படகைப் பத்தி மத்தவங்க சொல்லியாச்சு. வழியில் சின்ன வள்ளத்தில் தோடு (வாய்க்கால்) கடக்க வேண்டிவரும், அதுக்கு நான் சொல்லுகேன். பாரம் முதல்ல கணக்கு போடுங்க. வண்டி நாலும் 63 கிலோ. பை எட்டும் ஒண்ணுக்கு 8 கிலோன்னு வச்சா 64. டென்டும் சமையலும் 20, தேன் 12. ஆக 160 கிட்ட. அதாவது ரெண்டு ஆளுக்கும் மேல. ஆறு பேர் போற வள்ளத்தில் நீங்க நாலு பேரும் துழாவுகிறவரும் இருந்தாலே இடம் தீர்ந்துது. ஆளையும் சாமானையும் பிரிச்சு ரெண்டு நடையா வச்சுக்கிடுங்க. விளிம்புக்கும் தண்ணிக்கும் ஒரு சாணாவது இருக்கணும், அதுக்குக் கீழ போனா ஒரு பையை இறக்கணும், வேற வழி இல்ல.

சின்ன வள்ளத்தில் சைக்கிள நிறுத்தக் கூடாது, படுக்க வைக்கணும். நீளவாக்கில், நடுவில், செயின் மேல பார்க்க. அடியில் சாக்கு விரிங்க. பெடல் கழத்தியிருக்கணும், இல்லாட்டா அடியில் உள்ள பலகைய இடிக்கும். கனமான பை அதுக்கு ரெண்டு பக்கமும் அடித்தட்டில். அணியத்தில் பாரம் கூடினா மூக்கு தாழ்ந்து தண்ணி கோரும், அமரத்தில் (பின்பக்கம்) கூடினா திருப்ப வராது. அதனால எல்லாம் நடுவில். ஆளு உட்காந்த பிறகு யாரும் எழும்பக் கூடாது, போட்டோ எடுக்க ஒரு பக்கமா சாயவும் கூடாது.

கெட்டு எப்படி: தடுப்புக் கம்பியில் கயிறை ரெண்டு சுத்து சுத்தி, மேல உருவாஞ்சுருக்கு. வால இழுத்தா ஒரே இழுப்பில் அவிழணும். முடிச்சு மேல முடிச்சு போட்டு வச்சீங்கன்னா நனைஞ்ச நைலான் இறுகி, கரை வந்தும் நீங்க வெட்டிக்கிட்டு நிப்பீங்க. ஆளு மேல பை வாரு குறுக்கே கிடக்கக் கூடாது. லைஃப் ஜாக்கெட் போட்ட பிறகு அதுக்கு மேல எதையும் மாட்டாதீங்க.

இன்னொரு சங்கதி. வலைக்கு மிதவை போடுவோம் இல்லியா, அதே மாதிரி ஒவ்வொரு வண்டிக்கும் மூடி இறுகின 5 லிட்டர் காலிக் கேன் ஒண்ணு, 6 மீட்டர் மெல்லிய கயித்தில் சட்டத்தோடு கெட்டிப் போடுங்க. கயிறைச் சுருட்டி ரப்பரால் லேசா மாட்டி வைக்கணும், ஆளு காலில் சுத்தக் கூடாது. வண்டி தண்ணியில் விழுந்தா கேன் மேல நிக்கும், இடம் தெரியும். காயல் அடி சேறு. அடையாளம் இல்லாம விழுந்த வண்டி கிடைக்காது.

---

தேன் பெட்டி

12 கிலோ தேனை அட்டைப்பெட்டியில் கண்ணாடி பாட்டிலோடு கொண்டு போகாதீர்கள். பாட்டில் எடை தனி, ஒன்று உடைந்தால் எட்டுப் பையும் நாசம்.

தேன் தண்ணீரைவிடக் கனம், 1 லிட்டர் கிட்டத்தட்ட 1.4 கிலோ. ஆகவே 12 கிலோவுக்கு 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன் இரண்டு தாராளம், கேனுக்கு 6 கிலோ ஊற்றினால் மேலே கொஞ்சம் காலி இடம் நிற்கும். அந்த இடம் வேண்டும். நம் ஊர் ரப்பர்த் தோட்டத் தேனில் ஈரம் கூடுதல், வெயிலில் புளித்துக் காற்று கட்டும். நாளைக்கு ஒருமுறை மூடியை லேசாகத் திருகிக் காற்றை விட்டு மறுபடி இறுக்குங்கள். சாப்பாட்டுக்கான கேன் என்று பார்த்து வாங்க வேண்டும், பெயின்ட் கேனைக் கழுவி எடுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

மூடிக்கு அடியில் இரட்டை மடிப்பு பாலித்தீன், மேலே டேப். வெளியே ஈரத்துணியால் நன்றாகத் துடைத்த பிறகு தனித்தனி உறையில் போடுங்கள். ஒரு சொட்டு வெளியே இருந்தாலும் எறும்பு டென்டுக்குள் வரும். எப்போதும் நிமிர்த்தி, தரையில், எஞ்சினுக்கு எதிர்ப்பக்கம். வண்டிக்கொரு கேன் என்று இரண்டு வண்டியில், ஒரே பக்கம் இல்லாமல் பிரித்து மாட்டினால் மிதிக்கும்போதும் வண்டி இழுக்காது.

---

மேல்புறம் மிதிவண்டி

எல்லாருக்கும் நன்றி. குளச்சல் யோசனையைக் கைவிட்டாயிற்று. கூட்டுக்காரனுக்கு இந்தத் திரியை அனுப்பிவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்வி. சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்பும் டின் சிலிண்டரும் எடுத்துப் போவதாக இருந்தோம். படகிலும் ரயிலிலும் பிரச்சினையா? உப்பு விஷயம் யாரும் சொல்லவில்லையே, தினமும் வண்டியைக் கழுவ வேண்டுமா?

---

தக்கலை சைக்கிள் ஒர்க்‌ஷாப்

தினமும் வேண்டாம். எங்கே உப்பு, எங்கே இல்லை என்று பார்த்துச் செய்யுங்க. அஷ்டமுடிக் காயலும் நீண்டகரைப் பக்கமும் கடலோடு சேர்ந்தது, உப்புத்தான். அதனால் ஆலப்புழை சேர்ந்த இரவு ஒரு கழுவல். காயலில் உப்பு ஏறாமல் தடுக்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணையை டிசம்பர் நடுவில் மூடி மார்ச் நடுவில் திறப்பது வழக்கம், நீங்க போகும்போது அதற்குத் தெற்கே முகம்மா – குமரகம் பக்கம் உப்பு கம்மி. துடைத்தால் போதும். வைக்கமும் கொச்சியும் அணைக்கு வடக்கே. அங்கே மறுபடி கழுவுங்க.

கழுவுவது என்றால் ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு துணி. சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் குழாயை வைத்து அடித்தால் உப்பு போகாது, பேரிங்குக்குள்ளே போகும். மேலிருந்து கீழாக ஊற்றி, செயினைத் துடைத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். ஸ்போக் முனையில் ரிம்மோடு சேரும் இடத்தைத் துடைக்க மறக்காதீங்க, உப்பு தங்குவது அங்கேதான். முக்கியமானது சீட் போஸ்ட். இரும்புச் சட்டத்தில் அலுமினியப் போஸ்ட், நடுவில் உப்பு ஈரம் என்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்கணும். கிளம்பும் முன்னே உருவி, துடைத்து, கிரீஸ் தடவி இறக்குங்க. எந்த உயரத்தில் இருந்தது என்று டேப் ஒட்டி அடையாளம் வையுங்க.

---

இரணியல் பார்சல்

சிலிண்டரும் மண்ணெண்ணெயும் ரயிலில் கொண்டுபோகக் கூடாதவை, பயணிகள் படகிலும் கண்டால் இறக்கிவிடுவார்கள். அந்தப் பாதையில் ஜெட்டிக்கு ஜெட்டி சாயாக்கடை இருக்கிறது, அடுப்பையே விட்டுவிடலாம். சமையல் சாக்கு போனால் 5, 6 கிலோ குறையும்.

ரயில்: எர்ணாகுளம் ஜங்ஷன் பார்சல் ஆபீசுக்கு வண்டி கிளம்ப மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள், பயண டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும். சைக்கிளில் இரண்டு இடத்தில் அட்டை கட்டுங்கள், ஒன்று மேல் குழாயில், ஒன்று பின் கேரியரில். புறப்படும் ஸ்டேஷன், சேரும் ஸ்டேஷன், ரசீது எண், செல்போன் எண். பேனா மை நனைந்தால் போய்விடும், மார்க்கரில் எழுதி மேலே டேப் ஒட்டுங்கள். கேரியரில் பை மாட்டியபடி பதிவு செய்யாதீர்கள். பூட்டுப் போட்டு ஒன்றோடொன்று இணைக்கவும் வேண்டாம், இறக்குகிறவர் ஒவ்வொன்றாகத்தான் எடுப்பார்.

குழித்துறை வீட்டுக்குப் பக்கம் என்று அங்கே இறக்கத் திட்டம் போடாதீர்கள். வண்டி நிற்கும் நேரம் குறைவான ஸ்டேஷனுக்குப் பார்சல் ஏற்கவே மாட்டார்கள், ஏற்றாலும் சைக்கிள் பெட்டிக்குள்ளேயே நாகர்கோவில் போய்விடும். நாகர்கோவில் ஜங்ஷனுக்கே டிக்கெட்டும் பதிவும் போடுங்கள், அங்கிருந்து மார்த்தாண்டம் 30 கி.மீ. சொச்சம் மிதிதான். பெடலும், 15 மி.மீ. ஸ்பேனரும், ஆலன் கீயும், பம்பும் உங்கள் கையோடு வரும் பையில் இருக்கட்டும். சைக்கிள் அடுத்த வண்டியில் வந்தாலும் வரும்.